குதிரைக் குளம்பும் நம் வீட்டு மாட்டுக் குளம்பும்



ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போய் வந்த பிள்ளைகளிடம் "குதிரையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் அதன் பிடரி மயிரையும், வாலையும், ஓட்டத்தையும் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அதன் காலைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. நம் வீட்டு மாட்டையும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம். மடியைப் பார்க்கிறோம். வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, கொம்புக்குச் சாயமும் பூசுகிறோம். ஆனால் குளம்பைத் தூக்கிப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஒரு சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் நடுவில் பல வீடுகளைத் தாங்குவது பால் காசுதான். மாடு நொண்டத் தொடங்கினால் நின்று தின்பது குறையும். தீனி குறைந்தால் பால் குறையும். சினை பிடிப்பதும் தள்ளிப் போகும். இவ்வளவு நட்டத்துக்கும் தொடக்கம் சில நேரம் குளம்பில் ஏறிய ஒரு சின்னக் கல்லாக இருக்கும். ஆகவே குளம்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறோம். குதிரையின் குளம்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் மாட்டின் குளம்பு நன்றாக விளங்கும்.

குளம்பு என்பது நகம்தான்

நம்முடைய நகம், தலைமயிர், மாட்டின் கொம்புக்கு மேலுள்ள ஓடு, குளம்பு இவை எல்லாம் கெரட்டின் என்ற ஒரே வகைப் பொருளால் ஆனவை. நமக்கு நகம் விரலின் மேல் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. குளம்பு உள்ள பிராணிகளுக்கு அந்த நகம் விரல் நுனியைச் சுற்றி ஒரு சப்பாத்துப் போல மூடியிருக்கிறது. நகம் வளர்வது போலவே குளம்பும் மேலிருந்து கீழாக வளர்ந்துகொண்டே இருக்கும். மாட்டுக்கு மாதம் சுமார் அரை சென்டிமீட்டர் வளரும். குதிரைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வளரும். குதிரையின் குளம்பு மேலிருந்து நுனி வரை புதிதாக வளர்ந்து வர ஏறக்குறைய ஒரு வருடம் செல்லும்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க நல்ல வழி ஒன்று உண்டு. கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு மணிக்கட்டைத் தூக்கி, நடு விரலின் நுனியை மட்டும் மேசையில் ஊன்றச் சொல்லுங்கள். குதிரை நிற்பது இப்படித்தான். ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரல். அடுத்து, நடு விரலையும் மோதிர விரலையும் சேர்த்து ஊன்றச் சொல்லுங்கள். மாடும் ஆடும் நிற்பது அப்படி. மாட்டின் காலுக்குப் பின்னால் கொஞ்சம் மேலே இரண்டு சின்னக் குளம்புகள் தொங்குகின்றன அல்லவா? அவை ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும். கட்டை விரல் மறைந்தே போய்விட்டது. குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைக்கும் மூட்டு உண்மையில் அதன் மணிக்கட்டு என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

குதிரையின் ஒற்றைக் குளம்பு

சுமார் 5 கோடி வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த குதிரையின் மூதாதை நாய் அளவுதான் இருந்தது. அதற்கு முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று விரல். பல லட்சம் தலைமுறைகளில் பக்கத்து விரல்கள் சுருங்கி, நடு விரல் ஒன்றே பெரிதாகி நின்றது. திறந்த வெளியில் வேகமாக ஓடித் தப்பும் பிராணிக்குப் பாரம் குறைந்த நீளமான கால் வசதியாக இருந்தது. சுருங்கிப் போன விரல்களின் அடையாளமாக இரண்டு மெல்லிய எலும்புகள் இன்றைக்கும் குதிரையின் காலுக்குள்ளே இருக்கின்றன.

குதிரைக் குளம்பை அடியிலிருந்து பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். சுற்றி வரக் கெட்டியான சுவர். நடுவில் சற்றுக் குழிந்த அடிப்பாகம். குதிப் பக்கமிருந்து முன்னுக்கு முக்கோணமாக வரும் ரப்பர் மாதிரியான ஒரு திண்டு. இந்தத் திண்டுக்கு ஆங்கிலத்தில் தவளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குதிரை அடி வைக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்குவதில் இதற்கும் பங்குண்டு. ஒவ்வொரு அடியிலும் குளம்பு அமுங்கி விரிவதால் காலிலுள்ள இரத்தம் மேலே ஏறவும் உதவி கிடைக்கிறது.

பாய்ந்து ஓடும்போது ஒரு கணம் குதிரையின் முழுப் பாரமும் ஒரே காலில், அதாவது ஒரே விரலில் விழுகிறது. அதனால்தான் குதிரை வளர்ப்பவர்கள் தினமும் காலைத் தூக்கி, கொக்கி போன்ற கருவியால் குளம்புக்குள் ஒட்டிய மண்ணையும் சாணத்தையும் சுரண்டி எடுக்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தையாவது நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

கழுதையும் ஒற்றைக் குளம்புதான். மன்னார், புத்தளம் பக்கம் திரியும் கழுதைகளைப் பார்த்தால் குதிரையை விடக் குளம்பு ஒடுக்கமாகவும் செங்குத்தாகவும் இருப்பது தெரியும். காண்டாமிருகமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்கு ஒவ்வொரு காலிலும் மூன்று விரல்.

மாடு, ஆடு, பன்றி: பிளந்த குளம்பு

மாடு, எருமை, ஆடு, செம்மறி, பன்றி, மான், மரை எல்லாம் பிளந்த குளம்புக் கூட்டம். குதிரைக்கு இருக்கும் அந்த முக்கோணத் திண்டு மாட்டுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு விரலின் குதிப் பக்கத்திலும் மெத்தென்ற சதைத் திண்டு இருக்கிறது. இரண்டு விரலும் தனித்தனியாக அசையும். சேற்றில் கால் வைக்கும்போது அவை அகலும், தூக்கும்போது ஒடுங்கும். ஆகவே சேறும் பள்ளமும் உள்ள இடத்தில் மாடு குதிரையை விடச் சுலபமாகக் காலை எடுத்து வைக்கிறது. எருமைக்குக் குளம்பு இன்னும் அகலம் என்பதால் வயல் சேறு அதற்கு வீடு மாதிரி.

ஆட்டின் குளம்பு இன்னும் கெட்டித்தனமானது. ஓரம் கெட்டி, நடுவில் மிருது. ஓரம் பாறையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், மிருதுவான பாகம் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். நாம் கொந்தரப்புக் கூடையோடு தட்டுத் தடுமாறி இறங்குகிற சரிவில் ஆட்டுக்குட்டி துள்ளி விளையாடுவதன் இரகசியம் இதுதான்.

தோட்டம் செய்பவர்களுக்கு இது இன்னொரு வகையிலும் உதவும். காலையில் மரக்கறிப் பாத்தி நாசமாகிக் கிடந்தால் மண்ணில் அடையாளத்தைப் பாருங்கள். இரண்டு பெரிய குளம்புக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் புள்ளிகளும் தெளிவாகப் பதிந்து, மண்ணும் கிளறப்பட்டிருந்தால் வந்தது பெரும்பாலும் காட்டுப்பன்றி. பன்றிக்குப் பின் குளம்பு தாழ்வாக இருப்பதால் அதுவும் பதிகிறது. மரை, மான் நடந்தால் கெட்டி நிலத்தில் முன் குளம்பு இரண்டு மட்டுமே பதியும். சேற்றிலோ ஓடும்போதோதான் அவற்றின் பின் குளம்பு பதியும்.

லாடம் அடிப்பதிலும் வித்தியாசம்

குளம்பு தேய்வதைவிட வேகமாக வளர்ந்தால் வெட்ட வேண்டும். வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்தால் லாடம் அடிக்க வேண்டும். கெட்டியான றோட்டில் வேலை செய்யும் குதிரைக்கு லாடம் தேவைப்படுவது இதனால்தான். ஆணி உணர்ச்சியில்லாத வெளிச் சுவரில் மட்டும் இறங்குவதால் குதிரைக்கு வலிப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிப்பார்கள். நெடுந்தீவில் தன்பாட்டில் மேயும் குதிரைகளுக்கு லாடமும் இல்லை, வண்டி வேலையும் இல்லை. வளர்வதும் தேய்வதும் அங்கே சரியாகப் போகிறது.

வண்டி மாட்டுக்கும் லாடம் உண்டு. 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வருவதற்கு முன்பு மலைநாட்டுக் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில்தான் கொழும்புக்கு இறங்கின. குதிரைக்கு ஒரு காலுக்கு ஒரு லாடம் போதும். மாட்டுக்கு இரண்டு விரலும் தனித்தனியாக அசைவதால் ஒரு காலுக்கு இரண்டு சின்னத் தகடு அடிக்க வேண்டும். குதிரை மூன்று காலில் நின்றுகொண்டு நாலாவது காலை லாடக்காரரின் மடியில் கொடுக்கும். மாடு அப்படி நிற்க மாட்டாது. அதனால் கயிறு போட்டுப் படுக்க வைத்து, காலைக் கட்டி லாடம் அடிப்பார்கள்.

இரண்டு விரலுக்கு நடுவில் வரும் தொல்லை

இனித்தான் முக்கியமான விசயம். மாட்டுக்குச் சேற்றில் உதவும் அந்தப் பிளவுதான் அதற்குப் பலவீனமான இடமும் கூட. குதிரைக்கு அந்த இடமே இல்லை. இரண்டு விரலுக்கும் நடுவிலுள்ள தோல் மெல்லியது. சாணமும் மூத்திரமும் சேறும் அங்கே போய் அடைந்து, தோல் ஊறிப் போய் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு கல்லோ, கவ்வாத்துக் குச்சியோ, கம்பித் துண்டோ குத்தினால் கிருமி உள்ளே நுழைந்துவிடும். பிளவுக்கு மேலே இரண்டு பக்கமும் வீங்கும், நாற்றம் வரும், மாடு காலை ஊன்றாது. இதுதான் குளம்பு அழுகல். அட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதத்துக்குப் பிறகு வரும் மழையிலும், பதுளை, அப்புத்தளைப் பக்கம் வருடக் கடைசி மழையிலும் பட்டி சேறாகிவிடும். அந்த மாதங்களில் விசேட கவனம் தேவை.

"சும்மா நொண்டுது, தானா சரியாகிடும்" என்று விட்டுவிடாதீர்கள். முதல் நாளே கழுவிப் பார்த்து, குத்தியிருப்பதை எடுத்து, மாட்டு டொக்டரிடம் சொன்னால் பெரும்பாலும் சில நாளில் குணமாகும். ஒரு வாரம் விட்டால் கிருமி மூட்டுக்குள் இறங்கிவிடலாம். பிறகு மருந்து கேட்பது கஷ்டம். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஒயில், கொழுந்துக்கு அடிக்கிற மருந்து இவற்றைப் புண்ணில் ஊற்றவே கூடாது. டொக்டர் ஊசி போட்டால், அவர் சொல்லும் நாள் முடியும் வரை அந்தப் பாலைப் பால் நிலையத்துக்கு ஊற்றவும் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

கால்வாய் நோய் குதிரைக்கு வராது, மாட்டுக்கு வரும்

கால்வாய் நோய், கோமாரி என்று நாம் சொல்லும் வைரஸ் நோய் பிளந்த குளம்புள்ள பிராணிகளுக்கே வரும். மாடு, எருமை, ஆடு, பன்றி, மரை எதுவும் தப்பாது. குதிரைக்கும் கழுதைக்கும் வராது. குளம்பின் பிளவால் இந்த நோய் உண்டாகிறது என்று நினைக்க வேண்டாம். பிளந்த குளம்புப் பிராணிகள் எல்லாம் ஒரே சொந்தக் கூட்டம், அந்தக் கூட்டத்தின் உடம்பில்தான் இந்த வைரஸ் பிழைக்கிறது.

காய்ச்சல், வாயிலிருந்து நூல் நூலாக எச்சில், நாக்கிலும் ஈறிலும் கொப்புளம், குளம்புப் பிளவிலும் முலைக்காம்பிலும் கொப்புளம், நொண்டல், திடீரென்று பால் இறங்குதல் இவைதான் அடையாளம். பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் பால் பழையபடி ஏறுவது கஷ்டம். இளங்கன்று இருதயம் பாதித்துச் சட்டென்று செத்துப் போவதும் உண்டு. வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, தடுப்பூசி இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் போடுகிற காய்ச்சல் வேறு நோய். அது மாட்டிலிருந்து வருவதல்ல. அதற்காக மாட்டை விற்க வேண்டியதில்லை.

நோய் குதிரைக்கு வராவிட்டாலும் குதிரையின் குளம்பில் ஒட்டிய சேறு அதைத் தூக்கிக்கொண்டு போகும். 2001 இல் இங்கிலாந்தில் இந்த நோய் பரவி 60 இலட்சத்துக்கும் அதிகமான பிராணிகளைக் கொல்ல வேண்டி வந்தது. அந்த வருடம் செல்ட்டனம் என்ற இடத்தில் நடக்கும் பெயர் பெற்ற குதிரைப் பந்தயத்தையே நிறுத்தினார்கள். நோய் வராத பிராணியின் பந்தயத்தை ஏன் நிறுத்தினார்கள்? ஆட்களும் வாகனங்களும் சப்பாத்துகளும் நோயைக் காவிக்கொண்டு போகும் என்ற பயத்தால்தான். நம் செருப்பும், புல்லுக்கட்டுச் சாக்கும், பால் வாளியும் அதே வேலையைச் செய்யும். மேட்டு லயத்தில் ஒரு மாட்டுக்கு நோய் என்றால், பார்க்கப் போனவர் அந்தச் செருப்போடு நம் பட்டிக்குள் வரக் கூடாது. ஒரு லீற்றர் தண்ணீரில் 40 கிராம் சலவைச் சோடா கரைத்து அதில் செருப்பைத் தேய்த்துக் கழுவுவது நல்ல காவல்.

குளம்புக்கும் கவ்வாத்து வேண்டும்

முன்பு மாடு நாள் முழுக்க நடந்து மேயும், குளம்பு தானாகத் தேயும். இப்போது பல வீடுகளில் பட்டியிலேயே கட்டிப் போட்டுப் புல் அறுத்துப் போடுகிறோம். நடை இல்லாததால் குளம்பு நீண்டு, நுனி செருப்பு மாதிரி மேலே வளைகிறது. அப்போது பாரம் குதிப் பக்கம் சாய்ந்து உள்ளே புண் வரும். பின்னங்காலில் வெளிப்பக்க விரலுக்குத்தான் இந்தப் புண் அதிகம் வருவது, பார்க்கும்போது அதை முதலில் பாருங்கள்.

தேயிலையைக் கவ்வாத்துச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாட்டுக் குளம்புக்கும் அதே கதைதான். கட்டி வளர்க்கும் மாட்டுக்கு வருடத்துக்கு இரண்டு தடவையாவது குளம்பைப் பார்த்துச் சீவ வேண்டும். ஆட்டுக்கு அதைவிட அடிக்கடி, சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஆனால் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு நீங்களே மாட்டிடம் போய்விடாதீர்கள். அடிப்பாகத்தின் கெட்டித் தோல் மெல்லியது. அதற்கு மேலே இரத்தமும் உணர்ச்சியும் உள்ள சதை இருக்கிறது. முதல் தடவை கால்நடை வைத்திய அலுவலகத்தாரைக் கொண்டு செய்வித்து, பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளுங்கள்.

விருந்துச் சோறும் குளம்பும்

கலியாணம், திருவிழா முடிந்து மிஞ்சிய சோற்றை "பாவம், தின்னட்டும்" என்று மாட்டுக்கு வாளி வாளியாக வைப்பது நம் வழக்கம். பழக்கமில்லாத மாடு ஒரேயடியாகச் சோறு தின்றால் வயிறு புளித்துவிடும். அன்றைக்கே செத்துப் போகவும் கூடும். தப்பிப் பிழைத்த மாட்டுக்கும் குளம்புக்குள்ளே இருக்கும் உயிர்ச் சதை வீங்கி, சில வாரம் கழித்து நொண்டும். அப்போது நாம் சோற்றை மறந்துவிட்டுக் கல்லைத் தேடுவோம். குதிரைக்கும் இப்படியே. தானியத்தைக் களவாகத் தின்ற குதிரைக்குக் குளம்பு வீங்குவது அதை வளர்ப்பவர்கள் பயப்படும் நோய். இரண்டு பிராணிக்கும் குளம்பு வேறாக இருந்தாலும் இந்த விசயத்தில் ஒன்றுதான்.

நாம் செய்ய வேண்டியவை

1. வாரம் ஒரு தடவை நான்கு குளம்பையும் கழுவி, பிளவுக்குள் பாருங்கள். மழை மாதத்தில் இரண்டு தடவை பாருங்கள்.

2. பட்டியின் தரை தண்ணீர் வடியும்படி சரிவாக இருக்கட்டும். சாணத்தைக் காலையும் மாலையும் அள்ளுங்கள். வாசலில் கூரான கல் வேண்டாம்.

3. மாடு முதுகை வளைத்து நின்றாலும், ஒரு காலை அடிக்கடி தூக்கினாலும், எழும்பச் சுணங்கினாலும் குளம்பை உடனே பாருங்கள். நொண்டும் வரை காத்திருக்க வேண்டாம்.

4. டொக்டர் சொன்னால் 10 லீற்றர் தண்ணீரில் 500 கிராம் துரிசு கரைத்துக் குளம்பை நனைக்கலாம். துரிசு நஞ்சு. மாடும் ஆடும் அதைக் குடிக்க விடாதீர்கள். மிச்சத்தைப் பீலிப் பக்கமோ ஓடையிலோ ஊற்றாதீர்கள்.

5. தடுப்பூசி போட வரும் நாளில் மாட்டைக் கட்டி வையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒருவரை நிற்க வையுங்கள்.

6. வாயில் எச்சிலும் காலில் நொண்டலும் ஒரே நேரத்தில் கண்டால் அந்த மாட்டைத் தனியே கட்டி, அன்றைக்கே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பயந்துபோய் மாட்டை இரகசியமாக விற்றால் நோய் அடுத்த தோட்டத்துக்கும் போகும்.

குதிரை ஒரு விரலில் நிற்கிறது, மாடு இரண்டு விரலில் நிற்கிறது. அந்த இரண்டு விரலின் மேல்தான் பிள்ளைகளின் கொப்பிப் புத்தகமும் கடைக் கணக்கும் நிற்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய பிரஷும் எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் இது ஒரு பாடம். ஏதாவது சந்தேகம் இருந்தால் நலன்புரி அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். டொக்டரை வரவழைப்பதற்கு எங்களால் ஆன உதவியைச் செய்வோம்.